சோற்றுக்கு ஒரு பாடம்

1848-ம் வருஷக் கோடையில், ஜப்பானின் வடகோடியிலுள்ள ரிஷிரி என்ற தீவின் கரைக்கு ஒரு சிறு படகு வந்து சேர்ந்தது. படகில் ஒரே ஓர் ஆள். வயது இருபத்து நான்கு. பெயர் ரானால்டு மக்டொனால்டு. தகப்பனார் ஸ்காட்லாந்துக்காரர், தாயார் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த சினூக் என்ற பூர்வகுடித் தலைவரின் மகள். ஜப்பான் அந்நியருக்குக் கதவைச் சாத்தி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. கரையில் கால் வைத்தவன் தலை தப்பினால் அதிர்ஷ்டம். அது தெரிந்தேதான் இந்தப் பிள்ளையாண்டான், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து படகைப் பெற்றுக்கொண்டு, கப்பல் உடைந்து ஒதுங்கியவனைப்போல் நடித்துக்கொண்டு வந்து இறங்கினான்.

அவனைப் பிடித்துக் காவலோடு நாகசாகிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கோயிலைச் சேர்ந்த வீட்டில் அடைத்துக் கம்பி போட்டார்கள். நாகசாகியில் டச்சு வியாபாரிகளோடு பேசுவதற்கென்றே துபாஷிகள் பரம்பரை பரம்பரையாக இருந்தார்கள். (ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிக் குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் துபாஷி என்றால் எப்பேர்ப்பட்ட ஆசாமி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) இனி டச்சு போதாது, இங்கிலீஷ் வேண்டும் என்று துரைத்தனத்தாருக்கு அப்போதே பட்டிருக்கிறது. பதினான்கு துபாஷிகளைக் கைதியிடம் அனுப்பினார்கள். ஒவ்வொருவராக இங்கிலீஷை வாசிக்க வேண்டியது. கைதி உச்சரிப்பைத் திருத்த வேண்டியது. அந்தப் பதினால்வரில் ஒருவரான மொரியாமா ஐனோசுகேதான், 1854-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியோடு உடன்படிக்கை பேசியபோது மொழிபெயர்ப்பாளராக நின்றவர்.

வாத்தியாருக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடும் இருக்க இடமும் உண்டு. வெளியே போகக் கூடாது. 1849 ஏப்ரலில் ‘பிரெபிள்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அழைத்துப் போகும்வரை இதுதான் உத்தியோகம். மக்டொனால்டு இதைப் பற்றிக் கசந்துகொண்டதாகத் தெரியவில்லை. அவர் வலிய வந்த விருந்தாளி அல்லவா?

பிறகு மெய்ஜி சக்கரவர்த்தி காலத்தில் ஜப்பான் அந்நிய நிபுணர்களைத் தானே கூப்பிட்டுக் கைநிறையச் சம்பளம் கொடுத்தது. தன் ஆட்கள் தொழிலைக் கற்றுக்கொண்டதும், வந்தவர்களுக்கு விடை கொடுத்தது. லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் அந்நாட்டுப் பெண்ணை மணந்து, அந்நாட்டுப் பிரஜையாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டவர். அவரையே 1903-ல் டோக்கியோ சர்வகலாசாலை அனுப்பிவிட்டது. அவருடைய நாற்காலிக்கு வந்தவர் நத்சுமே சோசெகி. பின்னால் அவர் ஜப்பானின் தலைசிறந்த நாவலாசிரியரானார். ஒரு கதாசிரியரை இறக்கிவிட்டு இன்னொரு கதாசிரியரை ஏற்றுவது அபூர்வமான சங்கதிதான்.

இதெல்லாம் பழங்கதை. நான் சொல்ல வந்தது புதுக்கதை.

யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் இங்கிலீஷ் பேசுவது ஒரு மோகமாயிற்று, மோகம் வியாபாரமாயிற்று. 1981-ல் ஒசாகாவில் நொசொமு சஹாஷி என்பவர் தொடங்கிய ‘நோவா’ என்ற பள்ளிக்கூடம் அந்த வியாபாரத்தின் சிகரம். ரயில்வே ஸ்டேஷன் வாசலிலேயே வெளிநாட்டுப் படிப்பு என்பது அதன் விளம்பரம். இளஞ்சிவப்பு முயல் ஒன்று அதன் சின்னம். ஏறுமுகத்தில் தொள்ளாயிரத்துக்கு மேல் கிளைகள். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா என்று பல தேசத்து இளைஞர்கள், பட்டம் வாங்கிய கையோடு வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பாடம். ஒரு நாளைக்கு எட்டுப் பாடம்.

ஜப்பானில் தொழிலாளிக்கு வைத்தியத்துக்கும் பென்ஷனுக்கும் சேர்த்துச் சமூக இன்ஷூரன்ஸ் உண்டு. சந்தாவில் பாதி முதலாளியின் தலையில் விழும். சாதாரணத் தொழிலாளியின் வேலை நேரத்தில் முக்கால் பங்கு உழைப்பவன் சேர வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. வாரத்துக்கு நாற்பது மணி என்றால் முக்கால் பங்கு முப்பது. ஆகவே மொழிப் பள்ளிகளின் ஒப்பந்தங்களில் ஓர் அதிசய எண் அச்சாயிற்று: இருபத்தொன்பதரை மணி! அந்த அரை மணியில் எவ்வளவு சாமர்த்தியம், பாருங்கள். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே மாணவனைப் பற்றிக் குறிப்பெழுதும் நிமிஷங்கள் வேலையா, ஓய்வா என்று 1991-ல் ஒசாகாவில் தோன்றிய ஜெனரல் யூனியன் போன்ற தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டன.

நோவாவில் இன்னொரு சட்டமும் இருந்தது. ஆசிரியர் வகுப்புக்கு வெளியே மாணவர்களோடு பழகக் கூடாது. ஒன்றாக உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடித்தாலும் குற்றம். நாகசாகிக் கம்பி எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது. இது மனித உரிமைக்கு விரோதம் என்று 2004-ல் ஒசாகா வழக்கறிஞர் சங்கம் சொல்லிற்று.

மாணவர்கள் கதை வேறு. நூற்றுக்கணக்கான பாடங்களை முன்பணம் கட்டி மொத்தமாக வாங்கினால் மலிவு. நடுவில் நின்றுவிட்டால்தான் வேடிக்கை. நீங்கள் நூறு தேங்காயை மொத்த விலைக்கு வாங்கி, அறுபதை உடைத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தருகிறீர்கள் என்று வையுங்கள். உடைத்த அறுபதுக்கும் கடைக்காரர் சில்லறை விலை போட்டுக் கழித்துக்கொண்டு பாக்கியைத் தந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நோவாவின் கணக்கு. 2007 ஏப்ரல் 3-ந் தேதி அந்தக் கணக்கு சட்டப்படி செல்லாது என்று ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஜூனில் வர்த்தக மந்திரி இலாகா, நீண்டகால ஒப்பந்தம் போடுவதை ஆறு மாதத்துக்கு நிறுத்தியது. முன்பணத்தில் ஓடிய வண்டி. முன்பணம் நின்றதும் தள்ளாடியது.

ஜூலையில் ஜப்பானியச் சிப்பந்திகளின் சம்பளம் தாமதித்தது. செப்டம்பரில் ஆசிரியர்களின் சம்பளம் பிந்தியது. அக்டோபரில் வரவே இல்லை. சம்பளம் நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சேதி மட்டும் வரும். (‘அடுத்த வாரம்’ என்ற சொல்லின் ருசி பத்திரிகைக்குக் கதை எழுதிப் பிழைப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.) இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பல ஆசிரியர்கள் கம்பெனி பிடித்துக் கொடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள். வாடகையைக் கம்பெனி சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. ஒருநாள் கதவைத் தட்டி, காலி செய் என்று நோட்டீஸ் நீட்டியபோதுதான் குடியிருந்தவனுக்கு விஷயமே தெரிந்தது.

அக்டோபர் 25-ந் தேதி இரவு டைரக்டர்கள் சஹாஷியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் கம்பெனி ஒசாகா நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. கடன் ஏறக்குறைய 4,390 கோடி யென். வேலையிழந்த அந்நிய ஆசிரியர்கள் சுமார் நாலாயிரம் பேர். பணம் கட்டி ஏமாந்த மாணவர்கள் சுமார் மூன்று லட்சம். ஊருக்குத் திரும்பக் கையில் காசில்லாத ஆஸ்திரேலியர்களுக்குக் குவான்டாஸ் விமானக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சில நாளுக்குள் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் சஹாஷியின் ஒசாகா அறையைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். கட்டில், தேநீர்ச் சடங்குக்கு ஓர் அறை, நீராவிக் குளியல் எல்லாம் இருந்தன.

டோக்கியோவில் ஒரு தொழிற்சங்கம் ‘சாப்பாட்டுக்குப் பாடம்’ என்று ஓர் ஏற்பாடு செய்தது. பழைய மாணவர் சாப்பாடு போட வேண்டும். பழைய வாத்தியார் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும். நூற்று ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு வாத்தியார் உத்தியோகம் மக்டொனால்டு விட்ட இடத்துக்கே வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், இப்போது வாத்தியாரும் மாணவரும் கூடி உட்காரத் தடை இல்லை.

சம்பள பாக்கியில் எண்பது சதவிகிதம் வரை சர்க்காரே முன்னின்று கொடுக்கும் திட்டம் ஜப்பானில் உண்டு. அது பலருக்குக் கைகொடுத்தது. நாகோயாக் கம்பெனி ஒன்று சில கிளைகளை எடுத்துக்கொண்டது. 2010-ல் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய மொழிப் பள்ளி இதேபோல் திவாலாக, அதன் கிளைகளிலும் பெரும் பகுதியை அதே கம்பெனிதான் எடுத்துக்கொண்டது. இருபத்தொன்பதரை மணித் தந்திரத்தின் பல்லைப் பிடுங்க 2016 அக்டோபர் ஆயிற்று. ஐந்நூறு பேருக்கு மேல் வேலைசெய்யும் கம்பெனிகளில் வாரம் இருபது மணி உழைப்பவருக்கும் சமூக இன்ஷூரன்ஸ் உண்டு என்று அப்போது விதித்தார்கள். 2022-லும் 2024-லும் விதி இன்னும் சிறிய கம்பெனிகளுக்கும் இறங்கியது.

சஹாஷி 2008 ஜூனில் கைதானார். கொடுக்காத சம்பளத்துக்காக அல்ல; போய்ச் சேராத வாடகைக்காகவும் அல்ல. சிப்பந்திகள் தங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போட்டுச் சேர்த்த பரஸ்பர சகாய நிதியிலிருந்து 32 கோடி யென்னை எடுத்தார் என்பது வழக்கு. எடுத்ததைச் சொந்தச் செலவுக்கு எடுக்கவில்லை. பாதியில் நின்ற மாணவர்களுக்குப் பணம் திருப்பித் தரச் செலவிட்டார். கீழ்க்கோர்ட்டு மூன்றரை வருஷச் சிறை விதித்தது; மேல்கோர்ட்டு 2010-ல் அதை இரண்டு வருஷமாகக் குறைத்தது. நோவா என்ற பெயர்ப்பலகை புது முதலாளிகளின் கீழ் ஸ்டேஷன் வாசல்களில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.