யானைக்காசு

நம்ம கிருஷ்ணகிரி ஒரு காலத்துல மைசூர் ராஜ்யம்னு சொன்னா என் பையன் நம்ப மாட்டான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலதான் பாராமகால் சீமை கும்பெனி கைக்குப் போச்சு. வரி வசூலுக்கு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியா தாமஸ் மன்றோ. எங்க ஓசூர் போனது திப்பு இறந்த 1799க்கு அப்புறம்.

இதுக்கு சாட்சி போன ஞாயித்துக்கிழமை கிடைச்சது. அம்மாவுக்குப் பழைய பித்தளை அண்டா வேணும்னு தங்கமணி, பையன் சகிதம் பழையபேட்டையில ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். (எவர்சில்வர்காரங்க மன்னிக்கவும், அம்மாவுக்கு அதெல்லாம் தகரம்!) அவங்க பேரத்துல இருக்க, பையன் உடைசல் செம்பு மூட்டையைக் கிளறி ஒரு காசை எடுத்தான். ஒரு பக்கம் யானை. திப்பு காசு!

போலி நிறைய உலாவுதுங்க, அதனால வருஷத்தைப் பார்த்தேன். திப்பு 1787 வாக்குல மௌலூதின்னு புது ஆண்டுக் கணக்கு கொண்டுவந்தார். எண்களை வலமிருந்து இடமா பொறிப்பாங்க, 1218ங்கிறது பெர்சிய எண்கள்ல 8121ன்னு இருக்கும். இதுலயும் அப்படித்தான். தேய்மானமும் அசலாத்தான் இருந்தது.

"உலைக்குப் போற சரக்கு சார், எடை போட்டு எடுத்துக்கங்க"ன்னார் கடைக்காரர். பகீர்னு ஆச்சு. தங்கமணி முறைக்க முறைக்க மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். இன்னும் ரெண்டு யானை. மூணுக்கும் சேர்த்து முப்பது ரூபாய்கூட வரலை.

அமெரிக்கா மச்சான் தனக்கு ஒண்ணு வேணுமாம். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது மச்சான். போட்டோ அனுப்பறேன் :-)