ஒரு துளி இரத்தம் உரைத்த அளவு

கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நாம் காலேஜ் தெருவில் நாளும் காணும் மருத்துவக் கல்லூரி 1835-இல் தோன்றியது. உயிர் ஊசலாடும் நோயாளியின் இரத்த நிலையை அளந்து மருத்துவம் புரியும் கலை இந்நகரில் வளர்ந்த வரலாறு நாம் அறியத்தக்கது.

வாந்திபேதி கண்டவர் உடலில் நீர் வற்றும், இரத்தம் கெட்டிப்படும், நாடி ஒடுங்கும். இவ்வுண்மையைப் பிரிட்டனில் 1832-ஐ ஒட்டி ஆராய்ந்துரைத்த ஓஷாக்னெஸி, பின்னர் இக்கல்லூரியின் ஆசிரியரானார். ஆயினும், நாளத்தில் உப்புநீரை எவ்வளவு செலுத்துவது? குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் தீங்கு.

விடை தேடியவர் இங்குப் பணியாற்றிய லெனார்ட் ராஜர்ஸ். கிளிசரினும் நீரும் வெவ்வேறு அளவில் கலந்த சிறு குப்பிகளில் அவர் நோயாளியின் இரத்தத்தைத் துளித்துளியாக விட்டார். துளி மிதக்காமலும் அமிழாமலும் நின்ற குப்பியே இரத்தத்தின் அடர்த்தியைக் காட்டிற்று. இரத்த அழுத்தமானியும் துணை நின்றது. 1908-ஐ ஒட்டித் தொடங்கிய இச்சிகிச்சையால், நூற்றுக்கு 60 அளவிலிருந்த சாவு ஏறத்தாழ 30 ஆகக் குறைந்தது.

1970-இல் ஸ்வானும் கான்ஸும் இதயத்தின் வழியே செல்லும் அளவுக்குழாயை அறிமுகம் செய்தனர். இன்று படுக்கையருகே திரைகள் ஒளிர்கின்றன. கருவிகள் மாறினும் வினா மாறவில்லை: இவ்வுயிருக்கு இப்போது எவ்வளவு தேவை? ஊகத்தை விடுத்து அளந்தறிந்தமையே அன்றும் உயிர் காத்தது என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.