கண்ணாடி சிரிஞ்சும் பிளாஸ்டிக் சிரிஞ்சும்

2008 டிசம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் கரைசலை பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிளஞ்சர் கழன்றுவிட்டது. காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளும் திரவம் அது. உடையில் தீப்பிடித்து, 18 நாள் கழித்து இறந்தார். அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை என்று பலரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் எந்த சிரிஞ்சை எடுப்பது என்ற முடிவும் அதே அளவு பேசப்பட வேண்டியது.

உப்புக்கரைசல், பஃபர், செல் வளர்ப்பு ஊடகம் ஆகியவற்றுக்கு பிளாஸ்டிக்கை விஞ்ச எதுவுமில்லை. விலை குறைவு, கிருமி நீக்கப்பட்டு வருகிறது, ஒருமுறையோடு போய்விடுகிறது. கரிமக் கரைப்பான்கள் வந்ததும் நிலைமை மாறுகிறது. ஹெக்சேனும் டொலுவீனும் பிளஞ்சரின் ரப்பர் முனையில் ஊறி அதை உப்பவைக்கும். அது இறுகும், கை பலங்கொண்டு இழுக்கும், சட்டென்று வழிவிடும். ஆபத்து அந்த நொடியில்தான். டெர்ட்-பியூட்டைல் லித்தியம் பெரும்பாலும் பென்டேனில் கரைந்து வருகிறது. பென்டேனின் கொதிநிலை 36 டிகிரி. ஏசி நின்றுபோன சென்னை ஆய்வகத்தில் மே மாதம் அது சிரிஞ்சுக்குள்ளேயே ஆவியாகி பிளஞ்சரைத் தள்ளும்.

கண்ணாடியைக் கரைப்பான் ஒன்றும் செய்யாது. அதற்காக அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. வெறும் கண்ணாடி பிளஞ்சர், சிரிஞ்சைச் சாய்த்தால் தன் எடையிலேயே நழுவிவிடும். லித்தியம் சேர்மம் ஈரத்தைக் கண்டதும் உண்டாகும் ஹைட்ராக்சைடு, மெல்லிய இடைவெளியில் படிந்து பிளஞ்சரை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பயன்படுத்திய கையோடு கழுவாதவருக்குக் கண்ணாடியும் உதவாது.

எந்த சிரிஞ்சானாலும், இத்தகைய திரவத்துக்கு ஊசியைத் திருகிப் பூட்டும் லூயர் லாக் முனைதான் வேண்டும். செருகு முனையில் அழுத்தம் கூடினால் ஊசி தெறித்துவிடும். ஊசி நீளமாக, ஓரடியாவது இருந்தால் குப்பியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. குப்பிக்குள் செலுத்தும் நைட்ரஜனின் மெல்லிய அழுத்தமே பிளஞ்சரை மேலே தள்ளட்டும். கை அதைப் பிடித்து நிதானப்படுத்தினால் போதும். கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். 50 மில்லிலிட்டருக்கு மேல் தேவையென்றால் இரண்டு சிரிஞ்சையும் ஒதுக்கிவிட்டு, இருமுனை ஊசியால் குப்பிக்குக் குப்பி மாற்றுவதே சரி.

ஒன்றில் மட்டும் பிளாஸ்டிக்கின் பக்கம் நிற்கிறேன். கண்ணாடி சிரிஞ்சின் ஊசியைக் கழற்றி, கழுவி, உலர்த்தி மறுபடி மாட்டுகிறோம். கையில் குத்த அத்தனை வாய்ப்புகள். பிளாஸ்டிக்கை ஊசியோடு, மூடியைத் திரும்ப மாட்டாமல், துளைபடாத பெட்டியில் போட்டுவிடலாம். இந்தியாவின் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கூர்பொருள்களுக்குச் சொல்லும் வெள்ளைப் பெட்டியும் துளைபடாததுதான். பியூட்டைல் லித்தியம் தொட்ட ஊசியை மட்டும் அப்படியே போடக் கூடாது. முதலில் உலர் ஹெக்சேனால் அலச வேண்டும். அலசிய திரவத்தை நைட்ரஜன் சூழலில், குளிரவைத்து, ஐசோபுரொப்பனால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.