இன்ஃப்யூஷனும் டிகாக்ஷனும்: கரியாஹாட்டில் ஒரு காப்பித் தேடல்

காப்பகப் பணிக்காகக் கல்கத்தா வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தங்கியிருப்பது கரியாஹாட் நாற்சந்திக்கு அருகே. வந்த அன்று மாலை ஒரு கடையில் காப்பி கேட்டேன். காகிதக் குவளையில் நுரை ததும்ப, அதன் தலையில் காப்பித் தூள் தூவி, தித்திப்பான பானம் ஒன்று வந்தது. கடைக்காரரிடம் குறையில்லை, அதே மனிதர் மண்குவளையில் ஊற்றித் தரும் தேநீருக்கு நான் இப்போது அடிமை. ஆனால் நாட்டின் மிகப் புகழ்பெற்ற காப்பிக்கூடம் இருக்கும் நகரத்தில் தெருவோரக் காப்பி ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் விடவில்லை.

கல்கத்தா தேயிலையின் தலைநகரம். இங்கே 1861-லேயே தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. அசாம், டார்ஜிலிங் தோட்டங்களை நடத்திய முகவாண்மை நிறுவனங்களின் தலைமையகங்கள் இந்நகரில்தான் இருந்தன. காப்பி இங்கே குடிப்பவர் கேட்டு வந்த பொருளன்று. விற்பவர் கொண்டுவந்து இறக்கிய பொருள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, தென்னகத் தோட்டங்களில் தேங்கிய காப்பிக்கு உள்நாட்டில் குடிப்பவர் தேவைப்பட்டனர். காப்பிச் சந்தை விரிவாக்கச் சட்டம் 1942-இல் வந்தது. அதே ஆண்டில், 1876-இல் நிறுவப்பட்ட ஆல்பர்ட் ஹாலில் கல்லூரித் தெருக் காப்பிக்கூடம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் மன்னா தே தம் பாட்டால் அழியாப் புகழ் தந்த அந்த அரட்டை மன்றத்தின் பிறப்பில் இருந்தது இலக்கியமன்று, விற்காத சரக்கு. இதைச் சொன்னால் வங்காள நண்பர்கள் சற்றே முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் வாரியம் ஐம்பதுகளில் காப்பிக்கூடங்களை மூடத் தொடங்கியபோது அவற்றைக் காத்தவர்கள் தொழிலாளர்கள். ஏ. கே. கோபாலன் துணையோடு அவர்கள் அமைத்த முதல் கூட்டுறவுச் சங்கம் 1957-இல் பெங்களூரில் உருவாயிற்று. 1958-இல் மூடப்பட்ட கல்லூரித் தெருக் கூடமும், பேராசிரியர்களின் முறையீட்டுக்குப் பின் அதே ஆண்டில் மீண்டும் திறந்தது. சித்தரஞ்சன் அவென்யூ கூடத்தின் இரு பகுதிகளை வாடிக்கையாளர்கள் ‘பிரபுக்கள் சபை’ என்றும் ‘மக்கள் சபை’ என்றும் விளையாட்டாக அழைத்தனர். அந்தப் பிரிவினைக்குச் சாதிப் பலகை இல்லை. நம்மூர்க் காப்பிக் கடைகளின் கதை வேறு: திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையின் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-இல் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. பில்டர் காப்பியின் மணத்தில் இதை நாம் மறந்துவிடுகிறோம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

மொழியியல் படித்தவருக்கு வேறொரு சுவை இங்கே கிடைக்கிறது. கல்லூரித் தெருக் கூடத்தில் பாலில்லாக் காப்பியின் பெயர் ‘இன்ஃப்யூஷன்’. நாமோ ‘டிகாக்ஷன்’ என்கிறோம். இரண்டும் ஐரோப்பிய மருந்துக்கடைச் சொற்கள். மருந்தியலில் டிகாக்ஷன் என்பது நீரிலிட்டுக் கொதிக்கவைத்து எடுப்பது, அதாவது நம் கஷாயம். இன்ஃப்யூஷன் என்பது வெந்நீரில் ஊறவைத்து எடுப்பது. வெந்நீரை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருக்கும் பில்டர்ச் சாறு இலக்கணப்படி டிகாக்ஷனே அன்று! பொடியைக் கொதிநீரிலிட்டுத் துணியில் வடித்த காலத்துப் பெயர், பாத்திரம் மாறிய பின்னும் தங்கிவிட்டது என்று கருதுகிறேன். செய்முறை போனபின்னும் சொல் நிற்பதற்கு இதைவிட அன்றாடமான சான்று வேண்டியதில்லை.

இந்நகருக்குக் காப்பி வந்த மற்றொரு வழியும் உண்டு. அது அரசின் வழியன்று. எழுத்தர்களின், கணக்கர்களின், சுருக்கெழுத்தர்களின் பெட்டிகளில் வந்தது. சர் சி. வி. இராமன்கூட 1907-இல் இங்கே வந்தது நிதித்துறை அலுவலராகத்தான். அவ்வாறு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் குடியேறிய இடம் லேக் மார்க்கெட் வட்டாரம். கரியாஹாட்டிலிருந்து ராஸ்பிகாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் அங்கே சேரலாம். (அது சட்ட அறிஞர் ராஸ்பிகாரி கோஷின் பெயர், புரட்சியாளர் போஸின் பெயரன்று.) வாழையிலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், கோமள விலாஸ் என்ற பெயர்ப்பலகை: கண்ணை மூடினால் மயிலாப்பூர். கல்லூரித் தெருவும் லேக் மார்க்கெட்டும் ஒரே கொட்டையைத்தான் குடித்தன. ஆயினும் ஒன்று அரட்டையாயிற்று, மற்றொன்று அடுக்களையைத் தாண்டவில்லை.

சென்ற ஞாயிறு அங்கொரு கடையில் பொடி வாங்கினேன். பெரியவர் தமிழிலேயே, “சிக்கரி எவ்வளவு போடட்டும்?” என்றார். பழைய வாடிக்கைக் குடும்பங்கள் பல பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன என்றார். பிள்ளைகள் அழைத்துக்கொண்டார்களாம். இப்போது வாங்குவோரில் வங்காளிகளே மிகுதி. கால் கிலோப் பொடியும் எவர்சில்வர் பில்டரும் வாங்கித் திரும்பினேன்.

மறுநாள் காலை வீட்டுக்கார மாஷிமா அடுக்களையில் அந்த பில்டரைத் திறந்து பார்த்தார். கீழ்த்தட்டில் இறங்கியிருந்த கருஞ்சாற்றை முகர்ந்து, “ஓ, இன்ஃப்யூஷன்!” என்றார். டிகாக்ஷன் என்று திருத்த வாயெடுத்தேன். மருந்தியல் அவர் பக்கம் இருந்தது. பாலைக் காய்ச்சப் போனேன்.