நடையோடு சேர்ந்த சிந்தனை: முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சிகள் குறித்து ஒரு மதிப்பீடு

முதியோர் கீழே விழுவதற்குக் காலின் வலுவின்மை, மூட்டுத் தேய்வு, மங்கிய பார்வை ஆகியவற்றையே மருத்துவம் நெடுங்காலம் காரணமாகக் காட்டி வந்தது. 1997இல் லான்செட் இதழில் வெளியான ஒரு சிறிய சுவீடன் ஆய்வு அந்தப் பட்டியலில் கவனத்தையும் சேர்த்தது. முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேரிடம், அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தார்கள். நிற்காமல் பேசிய 46 பேரில் விழுந்தவர்கள் 11 பேர். சோதனையின் குறையும் இதே எண்களில்தான் இருக்கிறது: விழுந்த 21 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரை அது அடையாளம் காணவில்லை. ஆனாலும் நடையும் பேச்சும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன என்பது அதில் தெளிவாயிற்று.

இளமையில் நடை பெரும்பாலும் தன்போக்கில் நிகழ்கிறது. வயதாக ஆக, பாதத்தின் உணர்வும் உட்காதின் சமநிலை உணர்வும் குறைகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாத உணர்வு இன்னும் விரைவாக மழுங்கலாம். அந்தக் குறையை முன்மூளை கவனத்தால் ஈடுகட்டுகிறது. கால் தடுக்கும்போது எந்தக் காலை எங்கே வைப்பது, எதைப் பற்றுவது என்பதை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிவுசெய்ய வேண்டும். அந்நேரம் பார்த்துக் கவனம் வேறெங்கோ இருந்தால் தசை வலுவாக இருந்தும் பயனில்லை.

இதிலிருந்து, உடலுக்கும் மூளைக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கலாம் என்ற அறிவுரை பிறந்தது. ஆனால் ‘சேர்த்து’ என்றால் என்ன? காலையில் நடைப்பயிற்சி, மாலையில் குறுக்கெழுத்து என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே கணத்தில், நின்ற நிலையில், கால் அசையும்போது நிகழ்ந்தால்தான் விழுதல் குறையும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது என்பதே என் வாதம். இதற்கு இரண்டு ஆய்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2016இல் லான்செட்டில் வெளியான ஐந்து நாட்டு ஆய்வு. பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில், முந்தைய ஆறு மாதங்களில் இரண்டு முறையாவது விழுந்திருந்த 302 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுவினரும் வாரம் மூன்று முறை, ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் எதிரே திரை இருந்தது. தங்கள் கால்களின் அசைவைத் திரையில் பார்த்தபடி தடைகளைத் தாண்டவும் வழியைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் குழுவில் ஆறு மாதத்துக்கு 11.9 ஆக இருந்த விழுதல் விகிதம் 6.0 ஆகக் குறைந்தது. வெறுமனே நடந்தவர்களிடம் 10.7 என்பது 8.3 ஆனது; இந்தக் குறைவு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. இரு குழுவுக்கும் நடையின் அளவு ஒன்றுதான். கூடுதலாக இருந்தது திரை கொடுத்த வேலை.

இரண்டாவது, சிட்னியில் நடந்து 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. 65 வயது கடந்த 769 பேரில் ஒரு சாரார், வீட்டில் ஓர் உணர்விப் பாயின் மீது காலடி வைத்துத் திரை விளையாட்டுகளை ஆடினார்கள். இன்னொரு சாரார் உட்கார்ந்தபடி கைவிரலால் ஆடினார்கள். வாரம் 120 நிமிடம் என்பது இலக்கு. ஓராண்டு முடிவில், காலடி வைத்து ஆடியவர்களிடம் விழுதல் விகிதம், எந்த விளையாட்டும் ஆடாத ஒப்பீட்டுக் குழுவைவிட 26 விழுக்காடு குறைவு. உட்கார்ந்து ஆடியவர்களிடம் உறுதியான குறைவு தென்படவில்லை.

முதல் ஆய்வில் மூளையின் பங்கை நீக்கியபோது பயன் தேய்ந்தது. இரண்டாவதில் காலின் பங்கை நீக்கியபோது தேய்ந்தது. இதற்கு மறுப்புகள் உண்டு. ஐந்து நாட்டு ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் கணிசமானோர். பயன் அவர்களிடமே மிகுதியாகத் தெரிந்தது. திரையில் தடை தாண்டியவர்கள் பாதத்தை உயர்த்தும் பழக்கத்தையும் பெற்றிருப்பார்கள். அது மனப்பயிற்சியா, தசைப்பயிற்சியா என்று பிரிப்பது கடினம். சிட்னியிலும் உட்கார்ந்து ஆடியவர்களுக்குப் பயனே இல்லை என்று நிறுவப்படவில்லை. பயன் இருப்பதாக நிறுவப்படவில்லை, அவ்வளவே. ஆகவே என் முடிவைச் சான்றின் பக்கம் சாய்ந்த தீர்ப்பாகக் கொள்ளலாம், இறுதித் தீர்ப்பாக அல்ல.

டிரெட்மில்லும் திரையும் இல்லாமல் குறைந்த செலவில் இதைச் செய்ய ஜெனீவா நல்ல வழி காட்டியிருக்கிறது. அந்நகரின் இசை ஆசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ், இசையை உடலசைவால் கற்பிக்க உருவாக்கிய முறையை முதியோருக்குப் பயன்படுத்தினார்கள். பியானோவின் தாளத்துக்கு நடக்க வேண்டும். தாளம் மாறினால் நடையையும் மாற்ற வேண்டும். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, ஆறு மாதம், 134 பேர். 2011இல் வெளியான முடிவின்படி, வகுப்புக்கு வந்தவர்களின் விழுதல் விகிதம், பிறகு வகுப்பில் சேரக் காத்திருந்த ஒப்பீட்டுக் குழுவினரின் விகிதத்தில் பாதிக்கும் குறைவு. நம் கும்மியும் கோலாட்டமும் இதைத்தானே செய்கின்றன என்று சொல்ல ஆசை எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் ஜெனீவா வகுப்பில் தாளம் எப்போது மாறும் என்று முன்கூட்டித் தெரியாது. நன்றாகப் பழகிய கும்மியில் கால் தானாகப் போகும். கவனத்துக்கு அங்கே வேலை குறைவு. பாடுபவர் இடையிடையே நடையை மாற்றினால்தான் ஒப்புமை பொருந்தும்.

மனப்பயிற்சியின் புதுமையில் மயங்கி அடித்தளத்தை விட்டுவிடக் கூடாது. 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டு காக்ரேன் திறனாய்வு, உடற்பயிற்சி தனியாகவே விழுதல் விகிதத்தை 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சியே முதற்படி. அது கைவந்த பின், பற்றிக்கொள்ளச் சுவரோ ஆளோ பக்கத்தில் இருக்க, நடந்தபடி எண்களைப் பின்னோக்கிச் சொல்லச் செய்யலாம். ஏற்கெனவே தள்ளாடுபவரிடம் இதையே முதலில் தொடங்குவது ஆபத்து.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். இப்பயிற்சியைச் சோதிக்க அதைவிட ஏற்ற களம் கிடைப்பது அரிது. ஒரே காலடிப் பயிற்சியை ஒரு குழுவுக்கு மனவேலையோடும் இன்னொரு குழுவுக்கு அது இன்றியும் கொடுத்து, நடைவேகத்தோடு நின்றுவிடாமல், ஓராண்டு முழுவதும் விழுந்த எண்ணிக்கையையே கணக்கிட வேண்டும். இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் இதை முன்னெடுக்க வேண்டும்.