காதில் மாட்டியதும் கழற்றியதும்

போன மார்கழியில் ஊருக்கு வந்த பேரன் எனக்கு ஒரு இயர்போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். காதுத் துளைக்குள் ரப்பர் மூடியைத் திருகிச் செருகுகிற வகை. "வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காது தாத்தா, நிம்மதியா பாட்டுக் கேட்டுக்கிட்டே நடக்கலாம்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, மீன் கூடை கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. ஓட்டி வந்தவர் மூன்று முறை ஹாரன் அடித்தாராம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் தினமும் உட்கார்ந்து பேசும் பெஞ்சில் ஒரு நண்பர் இருப்பார். வாலிபத்தில் சங்கு குளித்தவர். நான் மீன்வளத் துறையில் எழுத்தராக இருந்த நாட்களில், அவர் எடுத்து வரும் சங்குகளை அளந்து எண்ணிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். அவருக்கு இடது காது கேட்காது. நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் காதிலிருந்து அந்த ரப்பர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, நாங்க பொழப்புக்காகக் காதக் குடுத்தோம். நீங்க காசும் குடுத்து காதையும் எதுக்குக் குடுக்கிய?"

அவர் பேச்சில் கணக்கு இருந்தது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால், மேலே காற்று அழுத்துவதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் உடம்பின் மேல் விழும். முதலில் அதை உணர்வது செவிப்பறைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். ஜலதோஷம் பிடித்த நாளில் அது நடக்காது. ஆனால் கூலி வேண்டுமென்றால் ஜலதோஷத்தோடும் இறங்கத்தானே வேண்டும்! காலில் கல்லை மாட்டிக்கொண்டு முத்துப்பார்களில் இறங்கியவர்களுக்கும் இதே பாடுதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதில் இறங்கியவர்களில் சிலரை நான் வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். எதிரே நின்று உரக்கப் பேசினால்தான் அவர்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்ததும், காதில் மாட்டும் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் இயர்போனுக்கு 'எக்குத்தோர்' என்று பெயர். கேட்பவர் என்றும் பொருள் கொள்ளலாம். தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் 'காஸ்க்', அதாவது தலைக்கவசம். காதுக்கு உதவுவது ஒன்று, தலையை மூடுவது இன்னொன்று. இந்த இரண்டு பெயர்களிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

1881இல் பாரிஸில் மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. கிளெமான் அதேர் என்ற பொறியாளர் ஓப்பெரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, கம்பி வழியாகப் பாட்டைப் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் வரிசையில் நின்று, காதுக்கு ஒன்றாக இரண்டு டெலிபோன் குழல்களைக் கையில் பிடித்துக் கேட்டார்கள். பாடகர் மேடையில் இடமும் வலமும் நடப்பதுகூடத் தெரிந்தது. இன்று ஸ்டீரியோ என்கிறோமே, அது அன்றே வந்துவிட்டது. 1890இலிருந்து 1932 வரை 'தெயாத்ரோபோன்' என்ற பெயரில் இது சந்தா கட்டிக் கேட்கும் சேவையாகவே நடந்தது. 1891இல் எர்னஸ்ட் மெர்காதியே என்ற பிரெஞ்சுக்காரர் காதுக்குள் செருகும் சிறிய குழலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கும் ரப்பர் உறை உண்டு. பேரன் புதுசு என்று கொடுத்த சாமானுக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல்!

1910இல் அமெரிக்காவின் யூட்டா பகுதியைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கப்பலில் கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்கு அது தேவைப்பட்டது. சொகுசு பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. தலை வலித்தாலும் செய்தி கேட்டால் போதும்.

நம் பக்கம் ஹெட்போன் வந்தது வானொலியோடு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். அந்தக் காலத்தில் பலரிடம் இருந்தது கிரிஸ்டல் செட். ஈயத் தாதுக் கல் ஒன்றின் மேல் மெல்லிய கம்பியைத் தொட்டுத் தொட்டு நிலையத்தைத் தேட வேண்டும். மின்சாரமே வேண்டாம். ஆனால் அதில் கிடைக்கும் சத்தம் எறும்பு ஊர்வது போல. ஹெட்போனை மாட்டினால்தான் கேட்கும், அதுவும் ஒருவருக்கு மட்டும். வீட்டில் மற்றவர்கள், கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒருவர் காதில் இருந்த வானொலி ஊர்க்காதுக்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் தலைமுறை அந்த ஊர்க்காதில் வளர்ந்தது. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியதும், ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். இங்கிருந்து கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். சென்னை அதைப்போல இரண்டு மடங்கு. அதோடு, மத்திய அலை தரையைவிட உப்புத்தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் வரும். நடுவில் கடல்தானே! அதனால் மயில்வாகனத்தின் குரலும் பின்னாளில் அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா குரல்களும் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது போலக் கேட்டன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒரு தேநீர்க் கடையில் ஆரம்பித்தால், அடுத்தடுத்த கடைகளில் அதே பாட்டு தொடரும். நடந்துகொண்டே ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிடலாம். திருநெல்வேலி வானொலி 1963இல் வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் கொழும்பின் பிடி தளரவில்லை.

டிரான்சிஸ்டர் வந்தபோது கூடவே ஒரு சின்னக் காதுக்குழல் கொடுப்பார்கள். ஒன்றுதான், ஒற்றைக் காதுக்கு. டெஸ்ட் மேட்ச் நாட்களில் அலுவலகத்தில் மேஜை இழுப்பறைக்குள் டிரான்சிஸ்டர், சட்டைக் காலருக்குள் ஒயர், ஒரு காதில் வர்ணனை. மற்றக் காது கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தத்துக்காகத் திறந்தே இருக்கும். நான் ஒருமுறைகூட அகப்பட்டதில்லை.

பிறகு 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை நல்ல ஹெட்போன் என்றால் 300, 400 கிராம் இருக்கும். வாக்மேனோடு வந்த பஞ்சு வைத்த ஹெட்போன் சுமார் 50 கிராம்தான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள், பஞ்சை மாட்டிக்கொண்டு ஓடலாம். உடற்பயிற்சியும் பாட்டும் ஒன்று சேர்ந்தது இந்த எடை குறைந்ததால்தான். அந்தப் பஞ்சு காதின் மேல் சும்மா உட்காரும், துளையை அடைக்காது. அடைக்கிற ரப்பர் இப்போது திரும்ப வந்திருக்கிறது, இரண்டு காதுக்குமாக.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கடைக்குப் போனேன். என் வயதுக்காரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கடையில் மாட்டியதும் கழற்றாமல் பத்து நிமிடம் வைத்திருங்கள். வாயைத் திறந்து மூடுங்கள், குனிந்து நிமிருங்கள். கண்ணாடிக் காம்பின் மேல் அழுத்துகிறதா பாருங்கள். முதல் பத்து நிமிடத்தில் உறுத்துவது ஒரு மணி நேரத்தில் வலிக்கும். நடைக்கு ரப்பர் மூடி வேண்டாம். காது வாயிலில் தொங்கும் தட்டை வகை போதும். காதை அடைக்காமல் எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் வகையும் இருக்கிறது. நல்லதுதான், விலை கூட. கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் வகை கீழே விழாது. ஆனால் நம் ஊர் உப்புக்காற்றும் வியர்வையும் சார்ஜ் ஏற்றும் முனையைத் தின்றுவிடும், தினமும் துடைக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்கப் பஞ்சு வைத்ததே சுகம். பஞ்சு கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

விலையைவிட முக்கியம் சத்தத்தின் அளவு. 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. போனில் முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கை எட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் இருந்தாலோ, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தாலோ, அடுத்த ஹெட்போன் வாங்காமல் காது மருத்துவரிடம் போங்கள்.

நான் வாங்கியது 350 ரூபாய்க்கு ஒயர் வைத்த தட்டை இயர்போன். டிரான்சிஸ்டர் காலம் போலவே ஒரு காதில்தான் மாட்டுகிறேன். ஒரு காதில் பாதிப் பாட்டுத்தானே கேட்கும் என்று நினைக்க வேண்டாம். போனின் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் வந்துவிடும். பேரனுக்கு இதைச் சொன்னபோது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

மிச்சமிருக்கும் இன்னொரு முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று பெஞ்சில் அதை எடுத்து நண்பரின் வலது காதில் வைத்தேன். பழைய பாட்டு. கொஞ்ச நேரம் கேட்டார். அதே முனை காதிலிருக்க, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கால உள்ள இழுங்க, வண்டி வருது" என்றார்.