சமனில் முடிந்தால் என்ன செய்வது?

எதிராளி கையால் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மூட்டுப் பூட்டோ கழுத்து நெரிப்போ, சிக்கியவரே தோல்வியை ஒப்புக்கொண்டபின் தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டியதில்லை. இதனாலேயே பணியவைக்கும் மல்யுத்தத்தை விதிகள் குறைந்த விளையாட்டு என்று நினைக்கிறோம். நல்ல பயிற்சி பெற்ற இருவர் மோதினால் பெரும்பாலும் யாரும் தட்டமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். எந்தப் பிடிக்குத் தடை, எதற்கு அனுமதி என்றே ரசிகர்கள் வாதிடுகிறார்கள். என் பார்வையில், இந்த விளையாட்டின் வரலாற்றை அதிகம் திருப்பிப் போட்டது வேறொரு விதி: நேரம் முடிந்தும் யாரும் பணியாவிட்டால் என்ன செய்வது என்பது.

1914இல் கியோட்டோ இம்பீரியல் பல்கலைக்கழகம் ஜப்பானிய உயர்நிலைக் கல்லூரிகளுக்கு இடையே ஜூடோ போட்டி தொடங்கியது. கோசென் ஜூடோ என்று பின்னாளில் பெயர்பெற்றது இதுதான். இரண்டு அணிகள் மோதும். வென்றவர் களத்திலேயே நின்று அடுத்தவரைச் சந்திப்பார். சமனில் முடிந்தால் இருவரும் வெளியேற வேண்டும். ஆக, எதிரணியின் மிகச் சிறந்த வீரரோடு சமன் செய்யும் சாதாரண மாணவன் தன் அணிக்குப் பெரும் சேவை செய்தவனாகிறான். நின்றபடி எறியும் கலை கைவரப் பல ஆண்டுகள் ஆகும். தரையில் கிடந்து தோற்காமலிருக்க அதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். எறியாமலே எதிராளியைத் தரைக்கு இழுக்க விதி இடம் கொடுத்ததால் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் தரைக்குப் போனார்கள். கால்களை முக்கோணமாகக் கோத்துக் கழுத்தை நெரிக்கும் பிடி 1920களின் தொடக்கத்தில் ஒகயாமாவின் ஆறாம் உயர்நிலைக் கல்லூரி வட்டாரத்தில்தான் மெருகேறியது. தரை மோகத்தை விரும்பாத, ஜூடோவின் தலைமையகமான கோடோகான் 1925 வாக்கில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தபோதும் கோசென் போட்டிகள் தம் வழியிலேயே நடந்தன. இந்தத் தரைக்கலை வளர்ச்சி ஓடா சுனெதானே, கானெமிட்சு போன்ற ஆசிரியர்களின் திறமையே அன்றி விதியின் விளைவல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மேதைகள் புதுப் பிடியைக் கண்டுபிடிப்பார்கள், உண்மைதான். அதை நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பழக ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தைத் தந்தது போட்டி முறை.

பிரேசிலில் ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேஸி குடும்பம் இதே கேள்விக்குச் சொன்ன பதில் வேறு: எறிந்தாலும் அமுக்கினாலும் கணக்கில்லை, பணியவைத்தால் மட்டுமே வெற்றி. 1951 அக்டோபரில் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ அக்குடும்பத்தின் ஹீலியோ கிரேஸியைத் திரும்பத் திரும்ப எறிந்தார். எதுவும் கணக்கில் ஏறவில்லை. இரண்டாம் சுற்றில் கையை முறுக்கிப் பூட்டியபோதும் ஹீலியோ தட்டவில்லை, அவர் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஓர் இரவுச் சவாலுக்கு இந்த வீறாப்பு பொருந்தும். ஒரே நாளில் பல எடைப் பிரிவுகளில் வரிசையாக ஆட்டம் நடத்த வேண்டிய போட்டிக்கு? 1967இல் பிரேசிலின் குவனபாரா மாநிலத்தில் ஜியு-ஜிட்சு அமைப்பு உருவாகிப் புள்ளிமுறையை நிலைநிறுத்தியது. இன்றைய பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் வீழ்த்தினால் 2, கீழே கிடப்பவர் கால்களால் அமைக்கும் காவலைக் கடந்தால் 3, மேலே ஏறி அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. உண்மைச் சண்டையில் எந்த நிலை சாதகமானது என்ற கணிப்பு இதில் இருக்கிறது. ஆனால் 2 புள்ளி எடுத்துவிட்டு மீதி நேரத்தை இறுகப் பிடித்தே கழிக்கும் கலையும் இதிலேயே பிறந்தது.

1998இல் அபுதாபியில் தொடங்கிய ஏடிசிசி போட்டி ஒரு சமரசம். ஆட்டத்தின் முற்பாதியில் புள்ளி கிடையாது, பிற்பாதியில் உண்டு. அப்போது தானாகக் கீழே உட்கார்ந்தால் ஒரு புள்ளி குறையும். 2012இல் வந்த மெட்டமோரிஸ் போட்டி புள்ளியையே தூக்கியெறிந்து 20 நிமிடம் கொடுத்தது. பல ஆட்டங்கள் சமனாயின. மறு ஆண்டே நடுவர் தீர்ப்பைச் சேர்க்க வேண்டிவந்தது, பிறகு அதையும் கைவிட்டார்கள். 2014இல் அங்கே ராய்லர் கிரேஸியோடு சமன் செய்த எடி பிராவோ, அதே ஆண்டு தன் பெயரிலேயே தொடங்கிய போட்டியில் கூடுதல் சுற்றுகளை வைத்தார். 10 நிமிடத்தில் முடியாவிட்டால், ஒருவர் மற்றவரின் முதுகையோ கையையோ பாதி பூட்டிய நிலையில் பிடித்துக்கொண்டு தொடங்குவார். இருவருக்கும் வாய்ப்பு உண்டு, அப்படியும் முடிவு வராவிட்டால் விரைவாகத் தப்பியவர் வெல்வார்.

புள்ளியில்லா முறையே தூய்மையானது என்பவர்கள் கால்பூட்டுகளைச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. காலைத் தாக்கி மல்லாந்து விழுவதற்குத் தண்டனை இல்லாத மேடைகளில்தான் நியூயார்க்கில் ஜான் டனஹர் பயிற்றுவித்த இளைஞர்கள் குதிகால் முறுக்கைக் கொண்டு கோலோச்சினார்கள். அந்தப் பிடி பழைய கேட்ச் மல்யுத்தத்திலேயே இருந்ததுதான்; 2021இல் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பும் உடை அணியாத பிரிவில் பழுப்பு, கறுப்புப் பட்டைக்காரர்களுக்கு அதை அனுமதித்தது. ஆனால் இதே பிராவோ முறையில்தான் 10 நிமிடம் தாக்குப்பிடித்து, கூடுதல் சுற்றில் தப்பிக்க மட்டுமே பயிற்சி செய்துவந்த வீரர்களும் வென்றார்கள். நொடிகளை எண்ணி வெற்றி தருவதும் ஒரு வகைப் புள்ளிக் கணக்குதானே.